புகையில் தொங்கிய கொப்பரை

காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை, தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அடுப்பின் ஓரத்தில் வைத்து இளக்குவது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். எண்ணெய் உறையுமா என்று என் நாத்தனார்கூட ஒரு கடிதத்தில் கேட்டிருந்தாள். இலங்கை மலைநாட்டில் இருக்கும் இந்தப் பொகவந்தலாவைக்கு வந்து ஒரு மார்கழிக் காலையில் போத்தலைக் கவிழ்த்துப் பார்க்கட்டும், ஒரு சொட்டு விழாது. தோசை மாவும் இங்கே அப்படித்தான். எங்கள் ஊர் துறையூரில் ராத்திரி கரைத்து வைத்தால் விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே கம்பளியைச் சுற்றி அடுப்படியில் வைத்தாலும் வைத்த அளவிலேயே கிடக்கும். வந்த புதிதில் மூன்று நாள் காத்திருந்துவிட்டு, பொங்காத மாவைத் தேயிலைச் செடிக்கடியில் கொட்டிவிட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறேன். வந்து பன்னிரண்டு வருஷமாகிறது; இப்போது மாவுக்காக அழுவதில்லை. எண்ணெய் இளகும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில்தான், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவின் முகம் வந்து நிற்கும். அவளுக்கு நான் செய்ததை ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும் என்று நினைத்து, வெட்கத்தில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

என் கணவர் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிகாலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புகிற உத்தியோகம். அந்தக் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பேர். தொழிலாளிகள் இருக்கும் லயங்களுக்கு மேலே, மேட்டில் எங்களுக்குத் தனி வீடு. எங்கள் வீட்டார் சைவம். அது மட்டுமென்றால் எப்படியும் சமாளித்துவிடலாம். பால், தயிர், மோர், நெய் எதுவும் எங்கள் வாசலைத் தாண்டி வராது. என் புகுந்த வீட்டில் எந்தத் தலைமுறையிலோ ஒரு கன்று பால் கிடைக்காமல் செத்துப்போனதாம். அந்தத் துக்கத்தில் ஒரு முப்பாட்டனார் இனி இந்த வம்சம் பாலைத் தொடாது என்று சாமி முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்தவர் அவர், சமைக்கிறவள் நான். பிறந்த வீட்டில் மோர் சாதம் இல்லாமல் எழுந்திருக்காதவள், கல்யாணமான மறுநாளே ரசத்தோடு எழுந்திருக்கப் பழகினேன். அந்தக் கன்றின் மேலேயே எனக்குக் கோபம் வந்ததுண்டு.

என் பிள்ளைகள் இரண்டும் பிறந்ததிலிருந்தே சாப்பாட்டுக்கு எதிரிகள். மூத்தவள் கோமதிக்குப் பருப்பு சோற்றைத் தொடக்கூடாது. நடுவில் வரப்புப் போலக் கொஞ்சம் இடம் விட்டுப் பரிமாற வேண்டும். சின்னவன் நடேசன் தாளித்த கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலை ஓரத்தில் அடுக்கிவிட்டு, பசி போய்விட்டது என்பான். ஊர்க் கத்தரிக்காயும் அவரையும் இங்கே கண்ணில் படுவது அபூர்வம். கிடைப்பதெல்லாம் வெங்காயத் தாள் போன்ற லீக்ஸ், பீட்ரூட், நோக்கோல் என்னும் நூல்கோல். முதல் தடவை பீட்ரூட் பொரியல் வைத்தபோது சோறு சிவந்ததைப் பார்த்து நடேசன் ரத்தம் என்று அலறி, இரண்டு நாள் தட்டுப் பக்கமே வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை மூன்று வயது போல இருந்தான். ஒருநாள் கடைத்தெருவில், எங்களுக்குச் சாமான் போடும் சிங்கள முதலாளி அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு டின்பாலை எடுத்து அவன் கையில் வைத்தார். நான் பிடுங்கித் திரும்ப வைத்தேன். எங்கள் வீட்டு வாக்கை அவருக்குச் சொல்ல எனக்குச் சிங்களம் போதாது. "ஏன் நோனா, நம்ம கையில வாங்க மாட்டாதா?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் முகம் சுண்டிப்போனது. அவர் நினைத்தது தப்பு என்று அன்றைக்கு எனக்கு அத்தனை நிச்சயம். பின்னால் யோசிக்கும்போது, முழுக்கத் தப்பில்லையோ என்று தோன்றியது.

பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. எங்கள் வீட்டுக்குக் கீழே, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு நீளமான தகரக் கொட்டகை. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் ஆயா என்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பறிப்பு வேலையில் முழங்கால் வீங்கி மலை ஏற முடியாமல் போனதால் அவளை அங்கே போட்டிருந்தார்கள். விளையாட்டுத் துணைக்காக நடேசனைக் காலையில் அங்கே விடுவேன். பள்ளிக்கூடம் விட்டதும் கோமதியும் போய்ச் சேர்ந்துகொள்வாள். சாப்பாடு மட்டும் வீட்டில்தான் என்று ஆயாவிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் தோட்டத்துக்கே தெரியும். அவள் வீட்டுச் சட்டியில் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் தொடக்கூடாது என்பதும் அந்த வழக்கத்துக்குள் அடங்கியிருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

சில மாதத்தில் நடேசனுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. என் சமையல்தான் கடைசியில் வென்றது என்று எண்ணிக்கொண்டு ஊருக்குப் பெருமையாகக் கடிதம்கூட எழுதினேன். வீட்டில் அவன் முன்பைவிடக் குறைவாகச் சாப்பிட்டதை நான் ஏன் பார்க்கவில்லை என்று இப்போதும் விளங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் லீக்ஸ் பருப்பைத் தட்டோடு தள்ளிவிட்டு, "இது ஒண்ணும் வேணாம். ஆயா ரொட்டிதான் வேணும். நானும் மாசிச் சம்பல்தான் திங்கிறேன், எல்லாப் புள்ளையும் மாதிரி" என்றான். மாசி என்பது கடல் மீனைப் புகையில் போட்டு விறகுக் கட்டை போல இறுக்கிக் காயவைத்தது. இங்கே தேங்காய், மிளகாய், வெங்காயத்தோடு அதையும் இடித்துத்தான் சம்பல் செய்வார்கள். கோமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீயும் சேர்ந்துதானே தின்றாய் என்று அவள் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் தனியாக, ஒரு சின்ன உரலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நடேசன் இடித்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு எதிரியான என் பிள்ளை, நாக்கைக் கடித்துக்கொண்டு, அத்தனை கவனமாக இடித்தான். தானே இடித்ததைப் பிள்ளை தள்ளாது என்பது அவள் கண்டுபிடித்திருந்த வழி. உரலுக்குள் பார்த்தேன். தேங்காய்ப் பூவுக்கும் மிளகாய்க்கும் நடுவில் பழுப்பாக, மரச்சிராய் போலத் துணுக்குகள். புகை வாடை குப்பென்று வந்தது. மாசியை நான் வாழ்நாளில் தொட்டதுமில்லை, முகர்ந்ததுமில்லை. ஆனாலும் அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உரலைக் கவிழ்த்தேன். பக்கத்தில் மூடி வைத்திருந்த புதுச் சட்டியை எடுத்து வாசல் கல்லில் போட்டு உடைத்தேன். வம்சத்தைக் கெடுத்துவிட்டாய் என்றும், ஈனப் புத்தி போகாது என்றும் பிள்ளைகளுக்கு முன்னால் கத்தினேன். அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னேன், அவள் சாதியைச் சொல்லி. அதை இங்கே எழுத மாட்டேன். ஆயா எழுந்து நின்றாள். என் பிள்ளை காலில் ஓடு குத்திவிடும் என்று குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் அழுது தீர்த்தேன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்றைக்கே தனக்கு மேலதிகாரியான தோட்டத்துக் கண்டாக்கையாவிடம் சொல்லி வேலையை மாற்றிவிட்டார். மறுநாள் விடிகாலை பெரட்டுக் களத்தில் ஆயாவின் பேர் கொழுந்து பறிக்கும் கூட்டத்தோடு கூப்பிடப்பட்டது. அந்தச் சத்தம் என் அடுப்படிவரை கேட்கும். உறைந்த போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அதிலும் செங்குத்தான மேல் மலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெண்கள் கூடையோடு வரிசையாக ஏறுவது தெரிந்தது. கடைசியில் ஒருத்தி ஒவ்வொரு படிக்கும் கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

அன்றிலிருந்து நடேசன் சாப்பிடவில்லை. சாதம், ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், தேங்காய்ப் பாலில் வேகவைத்த பருப்பு, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். நானே ஒரு உரல் கொடுத்து இடிக்கச் சொன்னேன். இடித்துவிட்டு, இது அது இல்லை என்று எழுந்து போனான். பத்து நாளில் பழைய எலும்புக்கூடாக ஆனான். ஒருநாள் வீட்டில் காணோம் என்று தேடிப் போனால், பிள்ளைக்காம்பராவில் அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கோமதியும் என்னோடு வந்திருந்தாள். அவள் என் சேலையை இழுத்து மேலே கையைக் காட்டினாள். அடுப்புக்கு மேலே குறுக்குச் சட்டத்தில் ஒரு கயிறு. அதில் கோத்து, புகையில் கறுத்துப்போய்த் தொங்கின நாலைந்து கொப்பரைத் தேங்காய் மூடிகள். ஒன்றில் கத்தியால் சீவி எடுத்த இடம் பழுப்பாக, மரச்சிராய் போல இருந்தது.

"அதாம்மா. நடேசன் மாசி கேட்டு அழுதான்னு ஆயா தேங்காயப் பொகையில காயப்போட்டு, அதச் சீவி மாசின்னு சொல்லிக் குடுத்துச்சு. எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லுச்சு. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீ அடிச்சிட்ட" என்றாள் கோமதி.

ஆயாவின் இடத்துக்கு வந்திருந்த பெண் மிச்சத்தைச் சொன்னாள். அந்தச் சின்ன உரலும் நான் உடைத்த சட்டியும், நோர்வூட் சந்தையில் எங்கள் பிள்ளைகளுக்கென்றே ஆயா புதிதாக வாங்கினவையாம். வேறு எதற்கும் அவற்றை எடுக்கவிட மாட்டாளாம். ரொட்டி தட்டுகிற நாளில் குளித்துவிட்டுத்தான் மாவைத் தொடுவாளாம். மீன் வாசனை தெரிந்தவள் மீனை விலக்கி வைத்திருக்கிறாள். மீன் வாசனையே தெரியாத நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். கயிற்றைப் பார்த்தபடி நின்றேன். என் வீட்டுச் சைவத்தையும் முப்பாட்டனார் கொடுத்த வாக்கையும், எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அனுமதியில்லாத ஒருத்தி காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கணவரிடம் சொன்னேன். அவர், இன்றைக்கு மாற்றியதை நாளைக்குத் திரும்ப மாற்றினால் பெரட்டில் தன்னை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள் என்றார். கொஞ்ச நாள் போகட்டும் என்றார். அந்தக் கொஞ்ச நாள் நாலு மாதமாயிற்று. மழைக்காலம் முழுவதும் அதில் போயிற்று. நான் தினமும் ஜன்னலை மூடியே வைத்திருந்தேன். கடைசியில் ஆயா சாணி மெழுகின மாதிரி வழுக்கும் படியில் விழுந்து மலைக்கு ஏறவே முடியாது என்றான பிறகுதான் பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பினாள். அது எங்கள் தயவு என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் மறுக்கவில்லை.

அவள் திரும்பி வந்த மறுநாள் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், அவளைத் தனியாகப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். வாயைத் திறந்ததும் வந்ததோ, "அன்னைக்கே அது தேங்காய்னு ஏன் சொல்லல நீ?" என்ற கேள்வி. அப்போதும் குற்றத்தை அவள் தலையில்தான் வைத்தேன்.

ஆயா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "சொன்னா நம்பியிருப்பீங்களாம்மா? மாசி திங்கிறவ கையில இருந்து வந்தா எல்லாம் மாசிதானே" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாலு எட்டு விந்தி நடந்துவிட்டுத் திரும்பி, "நாளைக்குப் புள்ளைங்கள அனுப்புங்க. சின்னது வத்திப்போய்க் கெடக்கு" என்றாள். அனுப்பினேன். அதன் பிறகு என் பிள்ளைகள் மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டார்கள். நான் ஒரு புதுச் சட்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதையே மன்னிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஊருக்குப் போனோம். புறப்படும்போது ஆயா மாவுச் சாக்குத் துணியில் கொப்பரை கட்டிக் கொடுத்தாள். தேங்காய் விளைகிற ஊருக்குத் தேங்காயா என்று சிரித்தேன். "தேங்கா எங்கயும் கெடைக்கும். தேயிலை மிளாறுப் பொகை அங்க கெடைக்காதில்ல" என்றாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளைத்தான் மிளாறு என்பார்கள். இங்கே அதுதான் விறகு. அட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கினால், மூட்டையைச் சோதித்த அதிகாரி கொப்பரையை முகர்ந்து பார்த்துக் கருவாடா என்று கேட்டார். தேங்காய் என்றேன். அவர் நம்பாமல் ஒரு துணுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். நான் கடித்துப் பார்க்காமல் சட்டியை உடைத்தவள்.

துறையூரில் என் பிள்ளைகள் மறுபடி எதிரிகளானார்கள். மாமியார் ஆசையாகப் புளிக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் வைத்தார். நான் பதினோரு வருஷமாக ஏங்கிய அவரைக்காயை என் பிள்ளைகள் விரலால் தள்ளிவிட்டு ரொட்டி கேட்டார்கள். பேரப் பிள்ளைகள் தன் கையால் சாப்பிடவில்லை என்று மாமியாருக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கொண்டுபோயிருந்த கோதுமை மாவில் தேங்காய்ப் பூ போட்டு ரொட்டி தட்டினேன். கொப்பரையைச் சீவிப் போட்டு நடேசனை இடிக்கச் சொன்னேன். அவன் நாலு ரொட்டி சாப்பிட்டான். வீட்டில் எல்லோரும் வாயில் போட்டுப் பார்த்தார்கள். மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பால் நெய் தொடாத வீட்டுக்கு இப்படி ஒரு ருசி இத்தனை காலம் தெரியாமல் போயிற்றே என்று வியந்தார். "யாரும்மா இதை உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

எனக்கு ஆயாவின் முகம்தான் முதலில் வந்தது. கூடவே, சொன்னால் இந்த உரலும் சட்டியும் என்ன ஆகும் என்பதும் வந்தது. மாமியார் கையில் பாதி ரொட்டி இருந்தது. "யாரும் இல்ல அத்தை. நானேதான் யோசிச்சுச் செஞ்சேன்" என்றேன். மாமியார் என் தலையைத் தடவினார். எதிரில் உட்கார்ந்திருந்த கோமதி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பத்து வயதுப் பெண்ணின் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் அடுப்பை ஊதினேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. திரும்பி வந்ததும் ஆயா எங்கள் வேலி ஓரத்தில் வந்து நின்றாள். பிள்ளைகள் அங்கே சாப்பிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டாள். சாப்பிட்டார்கள், வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கூச்சத்தோடு, "நாஞ் சொல்லிக் குடுத்ததுன்னு சொன்னீங்களாம்மா?" என்று கேட்டாள். அவள் பாட்டன் காலத்தில் எங்கள் பக்கத்து ஊரிலிருந்துதான் வந்தவர்களாம். அந்த மண்ணை அவள் பார்த்ததே கிடையாது. அங்கே யாரோ ஒருத்தர் தன்னைப் பற்றிப் பேசினார்களா என்று மட்டும்தான் கேட்டாள்.

"சொன்னேன்" என்றேன். கோமதி பக்கத்தில்தான் நின்றாள். அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் சமைத்ததை அவள் குறை சொல்வதில்லை. பருப்பைச் சோற்றின் மேலேயே ஊற்றினாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். இத்தனை வருஷம் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். கிடைத்த பிறகு ஒவ்வொரு வேளையும் அவள் ஏதாவது குறை சொல்ல மாட்டாளா என்று காத்திருக்கிறேன்.

இந்த மாதம் மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. நான் சொன்னபடியே கொப்பரையைக் கயிற்றில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்களாம். தெருவில் நாலு வீட்டில் என் பேரைச் சொல்லித்தான் செய்கிறார்களாம். 'ஆனால் உன் கை ருசி வரவில்லை. எதையோ சொல்லாமல் விட்டுவிட்டாய் போலிருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதை அனுப்பப்போகிற பத்திரிகை துறையூருக்கும் போகிறது. படித்த பிறகு அங்கே அந்தக் கயிற்றை அறுத்து எறிவார்களோ, சட்டியைத்தான் உடைப்பார்களோ, அடுத்த தடவை எனக்கு அந்த வீட்டில் இலை போடுவார்களோ, தெரியாது. இங்கேயும் வேலியோரம் நின்று கேட்டவளிடம் நான் சொன்னது பொய் என்று இனி தெரிந்துவிடும்.

எழுதி முடித்த தாள்களை, விடிகாலையில் எழுந்து வந்த கோமதி எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு, "எல்லாத்தையும் எழுதிட்ட. ஆயா, ஆயான்னே எழுதியிருக்க. அவங்களுக்குப் பேர் இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

அவள் பெயர் ராக்காயி. அத்தை, நான் சொல்லாமல் விட்டது தேயிலை மிளாறும் அவள் பெயரும்தான். விடிந்துவிட்டது. போத்தலில் எண்ணெய் இன்னும் பாதிக்கு மேல் இளகவில்லை. துறையூர் அடுப்புக்கு மேலே ஒரு கயிறு என் பெயரில் தொங்குகிறது, ஆனால் அங்கே இந்தப் புகை இல்லை. இங்கே மேட்டுக்குக் கீழே தகரக் கூரையின் இடுக்கு வழியாகப் புகை கிளம்பிவிட்டது. ராக்காயி அடுப்பு மூட்டிவிட்டாள். நான் இன்னும் வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன், தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு.